ஷேருவுக்கு நெஞ்சுச் சளி

"ஷேருவை வெளியில கூட்டிட்டுப் போகாதீங்க!"

நாய்ச் சங்கிலியைப் பிடுங்கிக்கொண்டு வாசற்கதவை மறித்து நின்றாள் மேகலா.

மஃப்ளரைச் சுற்றிக்கொண்டிருந்த இராஜமாணிக்கம் இருமியபடியே முறைத்தார். "தள்ளு மேகலா. பார்க்கை ஒரு சுத்து சுத்திட்டு, அப்படியே பொங்கல் பந்தலைப் பார்க்கணும். இந்த மோதி பாக் ஏரியாவே என்னை நம்பித்தான் இருக்கு."

"நேத்து நீங்க விழா மீட்டிங்ல இருந்தப்ப, டாக்டரைப் பார்த்துட்டு வந்தேன். நெஞ்சுல சளி கட்டியிருக்காம். இந்தப் புகைமூட்டத்துல வெளியில போனா நிமோனியாவுல கொண்டு விட்டுடுமாம். பத்து நாள் ரூமை விட்டு நகரக் கூடாதாம்."

தன் இருமலைப் பற்றிக் கேட்டால், 'டெல்லி குளிர்ல எவன்தான் இருமாம இருக்கான்?' என்று எரிந்து விழுகிறவர், பதறிப்போய் ஷேருவை வாரி அணைத்துக்கொண்டார்.

"ஐயோ, தனியா இருக்க மாட்டானே!"

"நீங்க கூட இருந்தா இருப்பான்."

அடுத்த நிமிடமே போனை எடுத்தார். "பிரதீப், பந்தலை நீயே பார்த்துக்கப்பா. நான் பொங்கலுக்குத்தான் வருவேன்."

மேகலா வெந்நீர்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஷேரு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"நீங்க முதல்ல ஆவி பிடிச்சுக் காட்டுங்க. பார்த்துப் பழகிப்பான்."

அவர் ரஜாய்ப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு சமர்த்தாகக் குனிந்தார்.

மேகலா சமையலறைக்குப் போய், பெங்களூரில் இருக்கும் மகளைப் போனில் அழைத்தாள்.

"மதுமதி, அப்பா பத்து நாள் வீட்டோட இருக்கச் சம்மதிச்சுட்டார்."

"நிஜமாவா! போன வாரம் எடுத்த அப்பாவோட எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் சொன்னதைச் சொல்லிட்டியாம்மா?"

"ஒரு வார்த்தை விடாம சொல்லிட்டேன். பேரை மட்டும் ஷேருன்னு மாத்திட்டேன்."