பெட்டிக்கு வந்த பரீட்சை

வரவேற்பறையின் குறுக்கே கயிறு கட்டிப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டது நான்தான்.

அதற்குப் பின்னால் ஒரு மேசை. மேசைமேல் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள். ஒன்று, பத்து வருடமாக அந்த வீட்டில் உழைத்த பழையது. இன்னொன்று, என் அக்கா கணவர் போன வாரம் வாங்கிவந்தது. அந்த விலைக்கு, தள்ளாமலே கிளம்பக்கூடிய ஒரு பழைய கார் கிடைக்கும்.

“ஸ்பீக்கர் அதேதான், பாட்டு அதேதான். நடுவுல இருக்கிற பெட்டிக்கு இவ்வளவா, அத்தான்? எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே!” என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வருகிறவர்கள் கண்ணில் ஒவ்வொரு லென்சாகப் போட்டு, ‘இது தெளிவா, அது தெளிவா?’ என்று கேட்டே பாதி ஆயுளைக் கழித்தவர். பரீட்சை வைத்துவிடலாம் என்றார்.

தோற்றால் பெட்டி, வாங்கிய கடைக்கே திரும்பும். திருப்பிக் கொடுக்க இன்னும் மூன்று நாள் அவகாசம் இருந்தது. ஜெயித்தால், அந்தப் பெட்டியைப் பற்றி நான் ஆயுசுக்கும் வாய் திறக்கக் கூடாது.

கேட்டுச் சொல்வது யார்? அத்தான் கட்சிக்காரர். நான் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது. மிச்சம் இருந்தது அக்காதான்.

துணி மடித்துக்கொண்டிருந்தவளை இழுத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தோம்.

பூவா தலையா போடுவது என் வேலை. தலை விழுந்தால் புதுசு, பூ விழுந்தால் பழசு. ஸ்விட்சை மாற்றுவது அத்தான். என் கை வியர்க்கும் என்று பெட்டியின் பக்கத்திலேயே விடவில்லை. விரிப்புக்கு மேலே அவர் தலை மட்டும் தெரிந்தது. மூச்சுக் காட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

பாட்டு ஆரம்பித்தது. ஒரு பெண் குரல், பின்னால் புல்லாங்குழல்.

“இது புதுசு” என்றாள் அக்கா.

சரி. குருட்டாம்போக்கில் சொல்லியிருப்பாள்.

பழசு என்றாள். சரி. மறுபடியும் பழசு என்றாள். அதுவும் சரி.

ஆறாவது தடவையும் சரியாகச் சொன்னதும், நாணயத்தை எட்டிப் பார்க்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. எட்டாவது தடவை, நாணயத்தை அத்தானுக்கு மட்டும் காட்டிவிட்டுக் கையை மூடிக்கொண்டேன். அப்போதும் தப்பவில்லை.

பத்துக்குப் பத்து.

விரிப்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்த அத்தானின் கண் கலங்கியிருந்தது. “காதுன்னா இது காது!” என்றார். கீழ்வீட்டுக்காரரிடம் சொல்வதற்காகச் செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினார்.

நான் அக்காவின் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். நிஜமாகவே வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டேன்.

“எனக்கென்னடா தெரியும்? ரெண்டும் பாட்டுதான். நான் அவர் மூஞ்சியைத்தான் பார்த்துட்டு இருந்தேன். புதுசு பாடும்போது புருவம் தன்னால மேல ஏறுது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் நாலைந்து தடவை மாற்றிச் சொல்லியிருந்தால் போதுமே, போன காசு வந்திருக்குமே என்றேன்.

அக்கா வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அதுல பாடறவங்க மூச்சு விடறதுகூடக் கேக்குதாம். முதல் நாள் கேட்டுட்டு, ‘இதுதான் பாட்டு’ன்னார். அன்னையிலேர்ந்து அவர் பாடறதையே விட்டுட்டார்டா.”

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். அவள் கண்ணில் அத்தனை வருடமும் தெரிந்தது.

என் கல்யாணத்தன்று அத்தான் மைக்கைப் பிடித்தது எனக்கு ஞாபகம் வந்தது. பெண் வீட்டார் என்னிடம் அதற்குப் பிறகு ஒரு மாதிரியாகத்தான் பேசினார்கள்.

படியில் காலடிச் சத்தம். அத்தான் மூச்சு வாங்க வந்து நின்றார்.

“இப்பச் சொல்லு மச்சான். குடுத்த காசுக்குத் தகுமா, தகாதா?”

“இன்னொரு மடங்கு குடுத்திருந்தாலும் தகும், அத்தான்” என்றேன்.

மனசாரத்தான் சொன்னேன்.