விலகும் பாடம்

காலை ஆறு பத்து. மற்ற மாணவர்கள் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. தையல் கடைக்கார அம்மாவின் முழங்கைகள் இரண்டும் கன்றியிருந்தன.

"நெஞ்சுல கை வச்சுத் தள்ளினா எதிர்த்து நிக்காதீங்க," என்றார் கராத்தே மாஸ்டர். "சட்டுனு பக்கவாட்டுல விலகுங்க. தள்ளின வேகத்துல ஆள் குப்புற விழுவான்."

"விழக்கூடாது மாஸ்டர்."

"சரி, மணிக்கட்டைப் பிடிச்சுத் திருப்புங்க."

"அவருக்குக் கை பிசகிடுமே. வேற ஏதாவது சொல்லுங்க."

மாஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"மூணு நாளா இதே பாட்டு. தினம் தள்ளிவிடுற புருஷனுக்கு இவ்வளவு வக்காலத்தா? ஒரு தடவை விழட்டும்மா, புத்தி வரும்."

அவள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு தடவை விழுந்தாச்சு மாஸ்டர். புருஷன் இல்ல, எங்கப்பா. எண்பத்திரண்டு வயசு, நினைவு தப்பிடுச்சு. சாப்பாடு ஊட்டப் போனா, யாரோ திருட வந்துட்டாங்கன்னு தள்ளுறார். போன வருஷம் நான் பயந்து விலகிட்டேன். அவருக்கு இடுப்பெலும்பு ஒடிஞ்சுபோச்சு. இன்னொரு தடவை விழுந்தா பிழைக்கமாட்டார்னு டாக்டர் சொல்லிட்டார்."

மாஸ்டர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நானும் விழாம, அவரும் விழாம ஒரு பிடி இருக்கா மாஸ்டர்?"