கடல் பார்க்காதவர்கள்

பனியன் கம்பெனி முதலாளி அப்புசாமி தையல் லைனுக்குள் வந்து ஒவ்வொருவரிடமும் ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போன வாரம் ஆர்டர் இல்ல, தீவாளிக்குப் போனஸ் இல்லன்னாரு. இன்னைக்கு ஊரைக் கேக்காரு. எனக்குச் சரியாப் படல," என்றான் ஆரோக்கியராஜ், பக்கத்து மிஷினில் இருந்த மனைவி விஜயராணியிடம்.

"ஊருக்குப் போக பஸ் விடுவாரா இருக்கும்."

"நீ வேற. போன வருசம் வயசைக் கேட்டாரு. அம்பது தாண்டுன ஒருத்தரும் இப்ப வேலைல இல்ல. போனஸ் கேட்டுச் சத்தம் போட்டது நம்ம கடலோரத்து ஆளுகதான். நம்ம ஊரு மணப்பாடுன்னு வாயத் தெறந்துராத."

பேச்சு லைன் முழுக்கப் பரவியது. தூத்துக்குடி முனீஸுக்குச் சங்கரன்கோவில் சொந்த ஊரானது. ராமேஸ்வரம் நதியா ராஜபாளையத்துக்காரி ஆனாள்.

"உனக்கு எந்த ஊரு கண்ணு?" என்று விஜயராணியிடம் வந்து நின்றார் அப்புசாமி.

"தென்காசிங்க," என்றாள்.

"கடல் பக்கமில்லையே?"

"கடலையே பாத்ததில்லீங்க மொதலாளி," என்று ஆரோக்கியராஜ் முந்திக்கொண்டான்.

அப்புசாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆபீஸ் ரூமுக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, புரோக்கருக்குப் போன் போட்டார்.

"அந்த பீச் பங்களாவை முடிச்சிருங்க. போனஸ் இல்லைன்னு சொல்லிப்போட்டு, நம்ம ஆளுக ஊருக்குள்ளயே போயி ஊடு வாங்கி மாட்டிக்கக் கூடாது பாருங்க. எல்லாத்தையும் விசாரிச்சுட்டேன். அந்தப் பக்கத்து ஆளு ஒருத்தருமில்லீங்க."

"மூணு இடம் காட்டினேனுங்களே, எது?"

"மணப்பாடுதானுங்க."