பெயரை மறக்காத கட்டம்

ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் காலை வெயில் நேராகத் திரையில் விழுகிறது. தில்ஷாத் துப்பட்டாவால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பார்க்கிறாள். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை விண்ணப்பம் அனுப்பிவிட்டு அடுத்ததைத் திறந்திருக்கிறாள். பெயருக்கான கட்டத்தில் இரண்டு ஆங்கில எழுத்தைத் தட்டியதும் அவளுடைய முழுப் பெயரும் கீழே தானாக வந்து தொங்குகிறது. போன வாரம் இப்படி இல்லை. “ஏண்ணா, இது எம் பேர வச்சுக்கிச்சு? எங்க சூப்பர்வைசர் துர்காவும் இங்கதான் வராங்க. வேற வேல தேடுனதுக்குத்தான் போன மாசம் எங்கூட வேல செஞ்ச சரளாவ வெளிய அனுப்புனாங்க.” கடைக்காரர் நாராயணப்பன் தலையைச் சொறிகிறார். “ஞாயித்துக்கெழம புது சாப்ட்வேர் சி.டி. போட்டம்மா. என்னமோ கேட்டுச்சு, எஸ்னு அமுக்கிட்டேன்.” “கரண்ட நிறுத்தினா மறந்துரும்,” என்று கம்ப்யூட்டரை நிறுத்திப் போடுகிறார். விசிறி இரைகிறது. அவள் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ் வர இன்னும் பத்து நிமிடம். பெயர் மறுபடியும் வருகிறது. “கரண்ட நிறுத்தினா மறந்துரும்னீங்களே!” “எம் பொண்டாட்டிக்கு மேல இருக்குதே இது,” என்று முனகியபடி பெயரின் மேல் வைத்து டெலீட்டைக் குத்துகிறார். போய்விடுகிறது. சரிபார்க்க முதல் எழுத்தை மட்டும் தட்டுகிறார். இன்னொரு பெயர் வந்து தொங்குகிறது. துர்கா. சூப்பர்வைசரும் இங்கே வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். “இதையும் அழிச்சிரட்டுமா?” என்கிறார். தில்ஷாத் அந்தப் பெயரையே பார்க்கிறாள். “தள்ளுங்கண்ணா.” தேவைக்கு மேல் ஓங்கி அவளே டெலீட்டை அடிக்கிறாள். பிறகு தன் பெயரை முதலிலிருந்து அடிக்கத் தொடங்குகிறாள். அனுப்பியதும் இதையும் அழிக்க வேண்டும்.