முற்றாத ஹொப்ஸ் பூ

பியர் காய்ச்சவென்று நேசராசா தன் கனடா வீட்டுப் பின்வளவில் நட்ட ஹொப்ஸ் கொடி, மூன்றாம் வருசம்தான் முதன்முதலாகப் பூத்தது. பூ முற்றி, பியருக்கு வேண்டிய மணம் ஏற இன்னும் மூன்று கிழமை இருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த அவருக்கு ஒரு கிழமையும் தாங்காதென்று டொக்டர் காலையில் மனைவி சுகிர்தாவிடம் தனியாகச் சொன்னார். அவள் வீட்டுக்கு ஓடினாள். ஏணியில் ஏறி, கை கீறக் கீறக் கொடியை மொட்டையடித்தாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து, ஒரு பிடி பூவைக் கசக்கி அவர் மூக்கருகே பிடித்தாள்.

“இஞ்சாருங்கோ, மணக்குதே?”

“வெறும் புல்லு மணமெல்லோ வருது. முத்துறதுக்கு முதல் ஏன் ஆய்ஞ்சனீர்?”

“மழை வரப்போகுதெண்டு சொன்னாங்கள்.”

யன்னலுக்கு வெளியே வெயில் எரித்தது. அவர் வெயிலைப் பார்த்தார். பிறகு நெடுநேரம் அவளைப் பார்த்தார்.

“இன்னொருக்காக் கசக்கும்,” என்றார்.