சாப்பிட்டாச்சா?

"சாப்பிட்டாச்சா?" என்று மருந்து அலமாரி கேட்டது.

"ஆச்சு மக்ளே. நீ சாப்பிட்டியா?" என்றார் பூமணியம்மா.

'உணவுக்குப் பின்' என்று சீட்டு ஒட்டிய தட்டு திறந்தது. சர்க்கரை நோய் மாத்திரையை அவர் விழுங்கிவிட்டார்.

நர்ஸ் பெனிட்டா வந்தபோது பூமணியம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு வண்டியோ அந்த மாடிக்கு இன்னும் வரவே இல்லை.

"அவங்க சாப்பிடல! குளுக்கோஸ் தட்டைத் திற!"

"சாப்பிட்டதாக அம்மா சொன்னார். அவரே மாற்றிச் சொன்னால்தான் திறக்கும்."

அந்த முதியோர் இல்லத்தில் சீனியும் மருந்துதான். அதுவும் அலமாரிப் பூட்டுக்குள்தான் இருந்தது.

"அம்மா, சாப்பிடலன்னு சொல்லுங்க!"

"கேட்டவங்ககிட்ட பட்டினின்னா சொல்லுகது? என்ன நெனைப்பாவ?"

"அது வெறும் பெட்டிம்மா!"

"பெட்டின்னா மரியாத கெடையாதா?" அவருடைய நாக்குக் குழறியது.

அலமாரி மறுபடி கேட்டது. "சாப்பிட்டாச்சா?"

"வயிறு... நெறஞ்சிருக்கு." கண் செருகியது.

பெனிட்டா அலமாரியை விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். "அம்மா, எனக்குத் தலை சுத்துது. காலைலருந்து பச்சத்தண்ணி குடிக்கல."

பூமணியம்மா சிரமப்பட்டுக் கண்ணைத் திறந்தார். "பாவி மக்ளே, சொல்லப்பிடாதா? நானும் இன்னும் சாப்பிடல. வா, சேந்து உண்ணுவோம்."

தட்டு படக்கென்று திறந்தது. பெனிட்டா அவசரமாகக் கலக்கிக் கொடுத்த குளுக்கோஸை அவர் வாங்கி, நடுங்கும் கையால் அவள் வாய்க்கே நீட்டினார்.

"மொதல்ல நீ குடி."