குண்டு மேல பழி

“தூண்டிலுக்கு அஞ்சு கிராம் ஈயக்குண்டே போதும்ங்க.”

“காத்து அடிக்குது, சிசுரு. ஏழு இருந்தாத்தான் அடியில நிக்கும்.”

“போன வாரமும் ஏழுதான். ஒரு மீனாவது மாட்டுச்சா?”

“உன் கைராசிக்குக் குண்டு என்ன பண்ணும்?”

ஜப்பானில், பிவா ஏரிக்கரையில் மகினோவின் தூண்டில் கடையில் இந்தத் தம்பதிக்கு வாராவாரம் இதே சண்டைதான். சிசுரு முகத்தைத் திருப்பிக்கொண்டு காருக்குப் போனாள்.

“குண்டு மட்டும் வாங்குறீங்க. தூண்டில் முள் வேண்டாமா, இசாவோ அண்ணே?” என்றார் மகினோ.

இசாவோ குரலைத் தாழ்த்தினார். “எங்க ரெண்டு பேர் நூல்லயும் முள்ளே கிடையாது. ரப்பர் புழுவை வெறுமனே முடிஞ்சு விட்டுடுவேன். பாஸ் வெளிநாட்டு மீன், மத்த மீனையெல்லாம் தின்னுடுதுன்னு, இந்த ஏரியில பிடிச்சா திரும்ப விடக்கூடாதுல்ல? முதல் மீனைச் சாகுறதுக்குன்னு கரையில வச்சிருக்குற பெட்டியில போட்டுட்டு ரெண்டு நாள் சாப்பிடல அவ. ஆனா மீன் வந்து இழுக்குறது மட்டும் ரொம்பப் பிடிக்கும். சொல்லிடாதீங்க!”

அவர் வெளியேறியதும், மறந்த தொப்பியை எடுக்க வந்தாள் சிசுரு.

“முள் விஷயம் சொன்னாரா?”

மகினோ முள் டப்பாவை அவசரமாக உள்ளே தள்ளினார்.

“எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்ங்க. அவர்கிட்ட சொல்லிடாதீங்க” என்று சிரித்தாள். “மீன் மாட்டலேன்னு நான் குண்டைத் திட்டினாத்தான், முள் இல்லாததைக் கண்டுபிடிக்கலேன்னு நம்புறார்!”